வார் மட்டும் நன்றாக இருந்தது

ஆம்பூர் டேனரியில் எனக்குச் சுண்ணாம்புக் குழி வேலை. மயிர் கழல்வதற்குத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப் போடுவோம். இறங்கி நின்று புரட்ட வேண்டும். விரல் நுனியில் ஓட்டை விழும். ஆறும், மறுபடி விழும். உப்புப் பட்டால் எரியும் என்று என் வீட்டில் குழம்பில் உப்புக் கம்மி. பதினோரு வருஷம் அப்படி.

ஒரு நாள் இஞ்சின் கொட்டகையில் ஓர் ஆள் குறைந்தது. அங்கே எண்ணெய் இஞ்சின் ஒன்று ஓடும். தோல் பதனிடப் பட்டை அரைக்கும் மிஷினும் தண்ணீர் பம்பும் அதனால்தான் சுற்றும். டிரைவர் ஒருவர், அவருக்குக் கூடமாட ஓர் ஆள். அந்த ஆள் கோலார் பக்கம் போய்விட்டான். நான் முதலாளி முன்னால் போய் நின்றேன்.

"உனுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

"டிரைவர் காய்ச்சலா கெடந்தப்போ நாலு நாள் நான்தாங்க இஞ்சினுக்கு எண்ணெ ஊத்தனேன்."

"எங்க வூட்லகூட தெனம் சட்டியில எண்ணெ ஊத்தறாங்க. அவுங்கள கூப்டுக்கட்டா?"

பக்கத்தில் இருந்த கணக்குப்பிள்ளை சிரித்தார். நான் நின்றேன். முதலாளி எழுந்து பட்டைக் கிடங்குக்குப் பின்னால் கூட்டிப் போனார். அங்கே ஒரு மோட்டார் சைக்கிள் சாய்ந்து கிடந்தது. ஜெர்மன் சண்டைக்கு முந்தின வண்டி. ஒரு துரை ஊருக்குப் போகும்போது முதலாளிக்கு விற்றது. கொஞ்ச நாள் ஓடிவிட்டு நின்றுபோனதாம். கோழி முட்டையிட்டிருந்தது.

"இத்த ஓட வை. நோம்புப் பெருநாளுக்கு நான் இதுலதான் தொழுகைக்குப் போவணும். ஓடுச்சின்னா நீ கொட்டகைக்குப் போ. ஓடலன்னா குழிக்குப் போ. வண்டி பழைய இரும்புக்காரனுக்குப் போவட்டும்."

ஆறு வெள்ளிக்கிழமை இருந்தது. எங்கள் டேனரிக்கு வெள்ளிதான் லீவு.

கைவண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். என் பெண்டாட்டி வாசலில் நின்றாள்.

"இன்னா மாமா இது, செத்த மாடா?"

"மோட்டார் சைக்கிள்."

"உசுரு இருக்குதா?"

"தெரியல" என்றேன். உண்மைதான்.

பாயை விரித்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மறந்துவிடக் கூடாது என்று கழற்றின வரிசையில் கொட்டாங்கச்சிகளில் போட்டு வைத்தேன். அவள் பெருக்கும்போது இரண்டை நகர்த்தி வைத்துவிட்டாள். அப்புறம் எது முன்னால் எது பின்னால் என்று தெரியவில்லை. கடைசியில் பூட்டும்போது ஒரு நட்டு மிச்சம். அது எந்த இடத்து நட்டு என்று இன்று வரை தெரியாது. என்னிடம்தான் இருக்கிறது.

உள்ளே பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி மூன்று நாள் வைத்தேன். மரக்கட்டையை வைத்துத் தட்டினேன். வந்தது. ஒரு ரிங்கு உடைந்திருந்தது. வேலூர் லாங் பஜாரில் பழைய இரும்புக் கடையில் ஏறக்குறைய அந்த அளவில் ஒன்று கிடைத்தது. அரத்தால் ராவிப் போட்டேன். வால்வைத் தேய்க்க வழி கேட்டேன். டிரைவர் சொன்னார், "செங்கல்லப் பொடி பண்ணி எண்ணெயில கொழச்சித் தேயி. காத்துப் போவக் கூடாது." தேய்த்தேன். காற்றுப் போகிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இஞ்சினில் எதுவும் எனக்கு நிச்சயமில்லை. ஒன்றே ஒன்றுதான் நிச்சயம். அந்த வண்டிக்குச் செயின் கிடையாது. இஞ்சின் கப்பியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு தோல் வார் போகும். வார் இழுத்தால் சக்கரம் சுற்றும். பழைய வார் வெடித்திருந்தது. புதிதாக ஒன்று நானே செய்தேன். நல்ல எருமைத் தோல், முதுகுப் பக்கம். மூன்று அடுக்கு வைத்துத் தைத்து, கப்பிப் பள்ளத்துக்கு ஏற்றபடி ஓரத்தைச் சாய்த்துச் சீவினேன். மீன் எண்ணெய் போட்டு ஊற வைத்தேன். கையில் எடுத்தால் பாம்பு மாதிரி வளைந்தது. தோல் எப்படி இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

மூன்றாம் வெள்ளி, வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி மிதித்தேன். பட் பட் என்று பிடித்துக்கொண்டது. தெரு கூடிவிட்டது. பின்சக்கரம் கம்பி தெரியாமல் சுற்றியது. ஏறி உட்கார்ந்து ஸ்டாண்டை விட்டு இறக்கினேன். சக்கரம் நின்றுவிட்டது. இஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. வார் நாய்க்குட்டி மாதிரி கீச்கீச் என்றது.

புதுச் செருப்பு கீச்சிட்டால் என்ன செய்வோம்? காய்ந்திருக்கிறது என்று எண்ணெய் போடுவோம். வாருக்கு இன்னும் கொஞ்சம் எண்ணெய் போட்டேன். அப்போதும் நகரவில்லை.

டிரைவரைக் கூட்டி வந்தேன். காதை வைத்துக் கேட்டார்.

"இஞ்சின்ல பலம் இல்ல. ரிங்கு சரியில்ல."

"வாரு கத்துதே?"

"வாரு உன்து. தோல்காரன்கிட்ட நான் தோலப் பத்திப் பேசறதா?"

அவர் சொன்னது நியாயமாகப் பட்டது. நாலாம் வெள்ளி மறுபடி எல்லாவற்றையும் கழற்றினேன். ரிங்கை மாற்றி மாற்றிப் போட்டேன். பூட்டினேன். ஸ்டாண்டில் நின்றால் குதிரை, தரையில் வைத்தால் கல். ஒரே இஞ்சின் எப்படி நாலு அங்குல உயரத்தில் பலமாகவும் கீழே பலமில்லாமலும் இருக்கும்? உட்கார்ந்து யோசித்தேன். பிடிபடவில்லை. வாருக்கு எண்ணெய் போட்டு, எலி கடிக்காமல் அடுப்பங்கரை ஆணியில் மாட்டினேன்.

ஐந்தாம் வெள்ளி மறுபடி கழற்றினேன். பெட்ரோல் வரும் குழாயில் ஓர் ஆட்டு மயிர் இருந்தது. எடுத்தேன். பூட்டினேன். மிதித்தேன். இறக்கினேன்.

வண்டி போய்விட்டது. நான் மேலே இருந்தேன். பாலாற்றங்கரை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். எப்படிப் போனது என்று தெரியவில்லை. மயிர்தான் காரணம் என்று வைத்துக்கொண்டேன்.

ஆறாம் வெள்ளி முதலாளி வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும். வியாழனன்று வண்டியைத் துடைத்தேன். வார் கொஞ்சம் வறண்டு வெளுத்திருந்தது. நிறைய எண்ணெய் போட்டுத் தேய்த்தேன். பளபளவென்று ஆனது.

முதலாளி வீட்டு வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனேன். அங்கே கிளப்பிக் காட்டலாம் என்று. கிளம்பியது. இறக்கினேன். கீச் என்றது. நின்றது.

முதலாளி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"சத்தம் போடறதுக்கு எங்கிட்ட மச்சான் இருக்கான்பா. நான் கேட்டது வண்டி."

"போன வெள்ளி ஓடுச்சிங்க."

"போன வெள்ளி பெருநாளா? நாளைக்கு இரும்புக்காரன வரச் சொல்றேன். நீ குழியப் பாரு."

தள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் வண்டியைச் சுவரில் சாய்த்தேன்.

"இன்னா ஆச்சி மாமா?"

"போன வாரம் ஓடுனது இன்னிக்கி ஓடல."

"நடுவுல இன்னா பண்ணே?"

"ஒண்ணும் பண்ணல. வாருக்கு எண்ணெ போட்டேன்."

"மறுபடியுமா? போன வாரம்தான சாம்பல் போட்டுத் தேச்சி, சீக்காத் தண்ணில அலசி மாட்டினேன்!"

"எத?"

"அந்தத் தோலு வாரத்தான். அடுப்பு கிட்ட மாட்டிட்டுப் போய்ட்டே. மீன் எண்ணெ நாத்தம், கருவாடு திங்கற எனுக்கே கொமட்டுது. சோறு ஆக்க வாணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. தோலுக்குச் சாம்பலா, வெடித்துப் போகாதா, பதினோரு வருஷம் தோல்காரன் வீட்டில் இருந்துகொண்டு இது தெரியாதா என்று கத்தினேன். அவள் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொஞ்ச நேரம் வாரையே பார்த்தேன். மயிர் எடுத்தது போன வெள்ளி. சாம்பல் போட்டதும் அதற்கு முந்தின நாளோ என்னவோ. இரண்டில் எது? சாம்பல் என்று மனசு ஒப்பவில்லை. ஆனால் செய்வதற்கு வேறு ஒன்றும் மிச்சமில்லை.

வாரைக் கழற்றி அவளிடம் நீட்டினேன்.

"தேச்சிக் குடு."

"சாம்பல் அடுப்புல இருக்குது. கை உங்கிட்ட இருக்குது."

நானே தேய்த்தேன். விரல் ஓட்டைகளில் சாம்பல் புகுந்து எரிந்தது. அலசித் துடைத்து, வெயிலில் காய வைத்து மாட்டினேன். மிதித்தேன். இறக்கினேன். ஓடியது.

நிறுத்திவிட்டு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டேன். கீச்சிட்டது, நின்றது. சாம்பல் போட்டேன். ஓடியது. மூன்று தடவை அப்படிச் செய்து பார்த்தேன். வழுக்குகிறது என்று அப்போதுதான் புரிந்தது. தெருவில் நடக்கிற மாட்டுக்கு லாடம் ஏன் என்று கேட்டால், வழுக்காமல் இருக்க என்று சொல்லியிருப்பேன். தோல் வழுக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. நல்ல தோல் என்றால் எண்ணெய் குடித்த தோல் என்றுதான் நான் கண்டது.

அன்று சாயங்காலமே முதலாளி வீட்டுக்கு ஓட்டிக்கொண்டே போனேன். டிரைவரும் அங்கே இருந்தார்.

"எதுலப்பா கோளாறு?" என்றார் முதலாளி.

"வாருலங்க. எண்ணெ ஜாஸ்தியாயிடுச்சி. சாம்பல் போட்டு எடுத்தேன்."

டிரைவர் விழுந்து விழுந்து சிரித்தார். "தோல்காரன் தோல்லயே கோட்ட விட்டான் பாருங்க!"

முதலாளி சிரிக்கவில்லை. கப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"யாரு கண்டுபுடிச்சது?"

"நான்தாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வாயில் வந்துவிட்டது.

பெருநாளன்று அவர் வெள்ளை உடுப்பில் அதில் ஏறித் தொழுகைக்குப் போனார். நான் மடியில் ஒரு பொட்டலம் சாம்பலோடு பின்னால் ஓடினேன். தேவைப்படவில்லை. மறுநாள் கொட்டகைக்குப் போகச் சொன்னார். இஞ்சினைத் தொட விடவில்லை. அங்கே ஓடுகிற தோல் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

வீட்டில் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு கண்டுபுடிச்சதுன்னு மொதலாளி கேக்கலியா?"

"கேட்டாரு."

"இன்னா சொன்னே?"

"சாம்பல் போட்டேன்னு சொன்னேன்."

"சாம்பல் தானா நடந்து வந்து ஒட்டிக்கிச்சா?"

நான் கை கழுவப் போனேன்.

மூன்று மாதத்தில் விரல் ஓட்டைகள் மூடிவிட்டன. அவள் குழம்பில் உப்பை முழுசாகப் போட ஆரம்பித்தாள். முதல் நாள் வாயில் வைத்ததும் நிமிர்ந்து பார்த்தேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சாப்பிட்டேன்.