தெரிந்தே வெட்டிய ரிப்பன்

அந்த டயாலிசிஸ் பிரிவு இயங்காது என்று தெரிந்தேதான் அதைத் திறந்துவைத்தேன். தெரியாது என்று இத்தனை நாள் நான் சொன்னதெல்லாம் பொய்!

அப்போது நான் சுகாதாரத் துறை இணை அமைச்சர். மூத்த அமைச்சருக்கு நேரமில்லாத விழாக்களே எனக்கு வரும். கோப்புகள் என் மேசைக்கு வந்ததேயில்லை. மாலையும் மைக்கும் மட்டும்தான்... அவற்றை இழக்கக்கூட எனக்கு மனமில்லை.

ஆவடிப் பக்கம் ஒரு சிறிய அரசு மருத்துவமனை. விழாவுக்கு முன் டாக்டர் மல்லிகா என்னைத் தனியே அழைத்தார்.

“சார், தண்ணிய சுத்திகரிக்கிற மிஷின் இன்னும் வரல. அது இல்லாம ஒருத்தருக்குக்கூட டயாலிசிஸ் பண்ண முடியாது. விழாவத் தள்ளி வைங்க.”

“ஒரு வாரத்துல வந்துடும்மா” என்றேன். யார் சொன்னது எனக்கு? எவருமில்லை! மேடையேறி, “நாளை முதல் நீங்கள் நகரத்துக்கு அலைய வேண்டாம்” என்று முழங்கினேன்.

மேனாம்பேட்டுக் கற்பகம் அந்தக் கூட்டத்தில் இருந்தாள். அவள் கணவன் ஆட்டோ ஓட்டுபவன். சிறுநீரகம் பழுதாகி, வாரம் இருமுறை நகரத்து மருத்துவமனைக்குப் போய்வந்தவன். என் பேச்சை நம்பி அங்கிருந்த இடத்தை விட்டுவிட்டார்கள். இங்கே அறை பூட்டிக் கிடந்தது. திரும்பிப் போனால், காத்திருப்போர் வரிசையின் கடைசியில்... முறை வருமுன் அவன் மூச்சுத் திணறிச் செத்தான்.

கற்பகம் என்னைத் தேடி வந்தாள். அழவில்லை.

“நீதானே சார் மைக்ல சொன்ன? அத்த நம்பித்தானே எடத்த உட்டோம். இப்ப இன்னா சொல்ற?”

என்ன சொன்னேன் தெரியுமா உங்களுக்கு? “எல்லாம் ரெடின்னு டாக்டர்தாம்மா சொன்னாங்க. அவங்கள சும்மா விட மாட்டேன்.”

அவள் என்னைக் கும்பிட்டாள்!

மல்லிகாவைத் தொலைதூர மாவட்டத்துக்கு மாற்றினார்கள். போகுமுன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டார்: “நான் சொன்னது ஞாபகம் இருக்கா, சார்?”

“இல்லையே” என்றேன். அவர் இணைப்பைத் துண்டித்தார்.

இப்போது பதவி இல்லை. அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற எந்தத் தடையுமில்லை. ஆனாலும் பெற்றேனா...?

இன்று காலை அம்பத்தூர் மார்க்கெட்டில் கற்பகம் எதிரே வந்தாள்.

“அந்த டாக்டரம்மாவ தூக்கி அடிச்சியே சார், நீ நல்லா இருக்கணும்.”

நான் தலையசைத்தேன்.