மகளுக்காக அடித்த மேளம்

அம்மை போட்டு எழும்பிய பிறகு எங்கள் மூன்று வயது மகள் கூப்பிட்டால் திரும்புவதில்லை. முன்பெல்லாம் நான் தொடையில் தாளம் போட்டாலே போதும், எங்கிருந்தாலும் வந்து ஆடுவாள். தேயிலைத் தோட்டங்களில் கோதுமை மாவுக்கு ஆலாய்ப் பறந்த எழுபதுகள் அவை. பிள்ளைக்குச் செல்லம் கூடிப்போச்சு என்றார்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் காதுக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, போகப் போகச் சரியாகும் என்றார். அந்தப் 'போகப் போக'வைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தோட்டத்தில் சாமி கும்பிட்டாலும் சாவு விழுந்தாலும் தப்பு மேளம் அடிப்பவன் நான். ஆனால் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அதை அடிக்க மனைவி விடமாட்டாள். சும்மா நாளில் வீட்டுக்குள் தப்புச் சத்தம் கேட்டால் ஆகாது என்பாள். லயத்தில் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சரியான மழை. மனைவி பீலிக் குழாய்க்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். மகள் எனக்கு முதுகைக் காட்டி வாசலில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்குத் தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று தப்பை எடுத்து அடுப்பனலில் காய்ச்சினேன். அவசரத்தில் கை தன் பாட்டுக்குப் பழகிய அடியை அடித்துவிட்டது. சாவு அடி.

மகள் திரும்பிப் பார்த்தாள். சிரித்தாள்! எழுந்து ஆடவே தொடங்கிவிட்டாள். நான் அழுதுகொண்டே இன்னும் ஓங்கி அடித்தேன்.

அதற்குள் லயமே எங்கள் வாசல் இஸ்தோப்பில் கூடிவிட்டது. "யாருங்க போனது?" என்று கேட்டபடி இரண்டு பெண்கள் ஒப்பாரிக்குக் கூந்தலை அவிழ்த்தும் விட்டார்கள். பக்கத்துக் காம்பராவில் மாதக்கணக்காய்ப் படுக்கையில் கிடந்த பெரியவர் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினார்.

"அடேய், நான் இன்னும் சாகலடா!"

குடத்தோடு ஓடிவந்த மனைவி என்மேல் பாய்ந்தாள்.

"புள்ளைக்கு கேக்குது" என்றேன்.

குடத்தை இறக்கிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து நின்ற மகளுக்குப் பின்னால் போய் நின்றாள். "கண்ணு" என்றாள். பிறகு சத்தமாக, "கண்ணு!" பிள்ளை திரும்பவில்லை. நான் ஒரே ஒரு அடி அடித்தேன். திரும்பினாள்.

நான் குச்சியை இறக்கிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் பெரியவருக்கு எல்லாம் கேட்டிருக்க வேண்டும்.

"ஏன்டா நிப்பாட்டிட்ட? அடி. புள்ள கேக்கட்டும்."

எங்கள் பக்கம் பெண்கள் தப்பைத் தொடுவதில்லை. மனைவி ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"குச்சியக் குடுங்க. நானும் எம்புள்ளையக் கூப்பிடணும்."