டெட் எண்ட் என்று எழுதியிருந்த பாதை

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் தென்னந்தோப்பில் விழுந்து கிடந்த மட்டைகளை அடுக்கும்போது வீட்டுக்காரரைப் பாம்பு கடித்தது. காலை பத்து மணி இருக்கும். தோப்பில் நாங்கள் இருவர்தான். நான் நாற்பது வயதுக்கு மேல் ஸ்கூட்டி பழகியவள்; கம்பம் வரைக்கும் ஓட்டிப் போனதில்லை. அவரைப் பின்னால் உட்காரவைத்து, மயங்கி விழுந்துவிடக் கூடாதென்று அவர் துண்டாலேயே எங்கள் இருவர் இடுப்பையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பெரிய ரோட்டில் பாலம் வேலைக்குத் தோண்டிப்போட்டதால் டவுன் பஸ்ஸெல்லாம் வரிசையாக நின்றன. இடதுபக்கம் புதிதாகப் பிளாட் போட்ட இடத்தில் தார் ரோடு கம்பம் பக்கமாகவே போனது. அதில் திருப்பிவிட்டேன். ஓரத்தில் இங்கிலீஷில் ஒரு மஞ்சள் பலகை. எழுத்துக்கூட்டிப் படித்தேன்: டெட் எண்ட். டெட் என்றால் செத்தது, எண்ட் என்றால் முடிவு. பள்ளிக்கூடத்தில் தனித்தனியாகப் படித்தவைதான். சேர்ந்து வந்தால் என்னவென்று தெரியாது. அதே நேரம் அவர் நெற்றி என் முதுகில் வந்து சாய்ந்தது. நிறுத்தாமல் போனேன்.

ரோடு ஒரு திராட்சைத் தோட்டத்துக் கம்பிவேலியில் முடிந்துபோனது.

திரும்பிப் போனாலும் அதே பாலத்தில்தான் நிற்க வேண்டும். இறங்கவும் முடியவில்லை, இடுப்பில் கட்டு. திராட்சைப் பந்தலுக்குள் ஆட்கள் தெரிந்தார்கள். நான் சத்தம் போட்டு யாரையும் கூப்பிட்டுப் பழகாதவள். குரல் எப்படி வந்ததோ, "பாம்பு கடிச்சிருச்சு!" என்று அலறினேன்.

ஓடிவந்தார்கள். தோட்டத்துக்கு அந்தப்புறம் கம்பம் ரோடு. ஆனால் பழம் முற்றியிருந்த நேரம். குலையில் கையோ தலையோ பட்டால் பழத்தோல் மேல் தானாகப் படிந்திருக்கும் வெள்ளைச் சாம்பல் பூச்சு அழிந்துவிடும், வியாபாரி ஒதுக்கிவிடுவார். அதனால் வெளியாளை உள்ளே விடுவதில்லை. காவலுக்கு நின்றவர் தயங்கினார்.

"மொதலாளிகிட்ட ஒரு வார்த்தை..."

குலை அறுக்க வந்த பெண் அவரைத் தள்ளிவிட்டாள். "ஏலே, உசுரு போகுது, சாம்பலப் பாத்துக்கிட்டு நிக்கிற! கம்பிய அவுத்து விடு. அவுகள நடக்க விடாதீக, தூக்குங்க."

துண்டை அவிழ்த்து, மருந்தடிக்கும் குட்டி டிராக்டரின் டிரெய்லரில் அவரைப் படுக்கவைத்தார்கள். நான் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்தேன். தோட்டத்தில் சொட்டுநீர் பைப் மாட்ட வந்த தம்பி ஒருவரும் ஏறிக்கொண்டார். தாழத் தொங்கிய குலைகள் வீட்டுக்காரர் முகத்தில் இடித்து இடித்துப் போயின. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

அதே டிராக்டரில் கம்பம் ஆஸ்பத்திரிக்குப் போனோம்; அவரை உள்ளே கொண்டுபோனதும் கதவைச் சாத்திவிட்டார்கள். அந்தத் தம்பி போகாமல் கூடவே நின்றார். பேசாமல் இருந்தால் பயம் கூடுமே என்று பலகையைப் பற்றிக் கேட்டேன்.

"சாவுன்னு நெனச்சீகளாக்கா? அது முட்டுச்சந்துதான். மொதல்ல எங்க பைப்பு வேலையில வந்த சொல்லாம். கடைசி முனைய அடைச்சிட்டா தண்ணிக்கு ஓட்டம் இல்ல. அந்த முனையத்தான் வெள்ளைக்காரன் டெட் எண்டுன்னானாம். தெருவுக்கு அந்தப் பேரு அப்பறம் போச்சுன்னு எங்களுக்குச் சொல்லிக்குடுத்த சார் சொன்னாரு."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நம் ஊரில் பாதை முட்டத்தான் செய்கிறது, சாவதில்லை என்று நானும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் ஓட்டம் இல்லை என்ற பேச்சு உள்ளே இருப்பவரின் ரத்தத்தையே நினைக்கவைத்தது.

மதியத்துக்கு மேல் என்னைக் கூப்பிட்டார்கள். நர்ஸம்மா, "கண்ணத் தொறங்க" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். விஷம் இமையைத் தூக்க முடியாமல் கட்டிவிட்டதாம். வெகுநேரம் கழித்து வலது இமை மட்டும் பாதி உயர்ந்தது. என்னைப் பார்த்தார்.

"ஏன் நிக்கிற? உக்காரு," என்றார் குழறலாக.

நான் உட்காரவில்லை. இடது இமையும் உயரட்டும் என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.