மிசிசாகாவில் ஓர் அரபுப் படமும் காரில் விட்டுப்போன ரோல்ஸும்

ஒரு படம் பார்க்க மிசிசாகா வரை போவார்களா என்று கேட்பீர்கள். நாங்கள் போனது படத்துக்காக இல்லை. எங்கள் மகன் கபிலன் ரீமா என்ற சிரியா முஸ்லிம் பிள்ளையை விரும்புகிறான். பிள்ளையின் தகப்பன் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. "முதலில் எங்களோடு ஒரு படம் பாருங்கள், பிறகு கதைப்போம்" என்று சொல்லியனுப்பியிருந்தார். காதலும் அரபு எழுத்துக் கலையும் கலந்த மாயக்கதையாம். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஏழு மணிக் காட்சி.

நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டிலிருந்து ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். ஐந்து மணிக்கே வெளிக்கிட்டோம். வெள்ளி பின்னேரம் 401 நெடுஞ்சாலையில் ஏறுகிறவர்களுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ரெக்ஸ்டேல் கிட்ட வாகனங்கள் ஊர்ந்தபோதுதான் பின்சீற்றிலிருந்து மணம் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடுவதில்லை. ரீமா வீட்டாருக்குக் கொடுக்கவென்று காலையிலிருந்து நின்று நான் சுருட்டிப் பொரித்தது மரக்கறி ரோல்ஸ்.

"என்னப்பா, உதுக்குள்ளை இறைச்சி மணக்குது?"

"ஆட்டிறைச்சி ரோல்ஸ். எங்கட தமிழ்க் கடையிலை வாங்கினனான். உன்ர மரக்கறியை வீட்டிலை வைச்சிட்டன். சம்பந்தி ஆக்களுக்கு முதல்முதல் மரக்கறியே குடுக்கிறது? மரியாதை இல்லையெல்லே!" என்றார் என் வீட்டுக்காரர்.

"ஹலாலோ அது?"

அவர் பின்சீற்றைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஐயோ" என்றார்.

"நல்லாக் கிழிச்சியள்! பிள்ளையின்ர கலியாணத்தை ரோல்ஸோட முடிச்சு வைச்சிட்டியள்!"

பெட்டியைக் காரில் விட்டுவிட்டு வெறுங்கையோடு உள்ளே போனோம். ரிக்கெற் ஆளுக்குப் பதினாறு டொலர். கபிலனும் ரீமா வீட்டாரும் வாசலில் நின்றார்கள். எனக்கு வெட்கத்தில் சிரிப்பே வரவில்லை.

படத்தில், பேச்சிழந்த ஓர் எழுத்துக்காரன் தான் விரும்பியவளின் பெயரை நகரத்துச் சுவரெல்லாம் எழுதுகிறான். மை காய்ந்ததும் எழுத்துகள் பறவைகளாகிப் பறந்துவிடுகின்றன. கடைசியில் அவள் தன் உள்ளங்கையை நீட்டுகிறாள். அங்கே எழுதியது மட்டும் பறக்கவில்லை. பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ரீமாவின் தகப்பன் பேசாமல் ஒரு ரிஷுத் தாளை நீட்டினார். தானும் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்ததும் ரீமாவின் தகப்பன் ஆங்கிலத்தில் கேட்டார்: "உங்கள் ரோல்ஸைப் பற்றிக் கபிலன் வாய் ஓயாமல் சொல்லுவான். எங்கே அது?"

 பொய் சொல்ல மனம் வரவில்லை; நடந்ததை அப்படியே சொல்லிவிட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். அந்த மனுசி சிரித்தபடி கைப்பையைத் திறந்து ஒரு டப்பாவை எடுத்தார். "வெள்ளிக்கிழமை நீங்கள் இறைச்சி சாப்பிட மாட்டீர்களாமே, கபிலன் சொன்னான். மாவுக்குள் கீரை வைத்துத்தான் சுட்டேன். உங்களுக்குப் பிடிக்குமோ என்று எனக்கும் ஒரே பயம்." அப்பாடா! கார் பார்க்கிங்கில் நின்றே எல்லோரும் டப்பாவை முடித்தோம்.

போகிறவர்களுக்கு: இரண்டு மணித்தியாலம் முன்னதாகப் புறப்படுங்கள். கீழே ஓடும் ஆங்கில வரிகளை வாசிக்க நடு வரிசை நல்லது. ரிஷு கட்டாயம். சாப்பாடு கொண்டுபோனால், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று வீட்டிலேயே திறந்து பாருங்கள்.

புறப்படும்போது ரீமாவின் தகப்பன் எங்கள் கார்க் கண்ணாடியில் தட்டினார். "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். இறைச்சி நான் வாங்கி வைக்கிறேன், ரோல்ஸ் நீங்கள் செய்யுங்கள். கலியாணத்துக்கு எத்தனை வேண்டும் என்றும் கதைத்துவிடலாம்."

வரும் வழியெல்லாம் 401 நெரிசலாகவே கிடந்தது. நான் ஒரு சொல் முறைப்பாடு சொல்லவில்லை.