அடைப்பை எடுத்த மதியம்

மாணவர்கள் பிரவுசரிலேயே கணினி நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் தளம் ஒன்றுக்கு, காரிமங்கலத்தில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். யார் எழுதியது என்று தெரியாத நிரல்கள். அதனால் பக்கத்தின் மற்ற பகுதிகளைத் தொட முடியாதபடி ஒவ்வொன்றையும் தனியாக அடைத்துத்தான் ஓடவிடுவோம். சாண்ட்பாக்ஸ் என்போம். உள்ளே இருக்கும் நிரல் திரையில் ஒரு புள்ளி வைப்பதற்கும் வெளியே செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். எல்லாம் மெதுவாகிவிடும்.

பாப்பாரப்பட்டிப் பக்கத்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் போன் செய்தார். “பழைய கம்ப்யூட்டருங்க மேடம். ஒரு வட்டம் வரையறதுக்குள்ள பீரியடே முடிஞ்சிருதுங்க.”

அடைப்பு எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளக்க, என் கணினியில் மட்டும் அதை நீக்கினேன். பல மாதங்களாகத் தளத்தில் கிடந்த, யாரோ எழுதிய ஒரு நிரலை ஓட்டினேன். எப்போதும் வெறும் புள்ளிகளைத் தூவுகிற நிரல். அன்று புள்ளிகள் கொட்டின. பக்கத்திலிருந்த குறிப்புப் பெட்டியில் ‘நல்ல வேகம்’ என்று தட்டினேன்.

புள்ளிகள் நின்றன. பிறகு நகர்ந்து கூடி, ‘நல்ல வேகம்’ என்று எழுதின.

விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். எதையும் தொடாமலே எழுத்துகள் கலைந்து வேறு வரி உருவானது. காலையில் தம்பிக்கு அனுப்ப அதே பெட்டியில் எழுதி, அனுப்பியதும் அழித்த வரி. அழித்ததையும் பக்கம் சேமித்து வைக்கும் என்பதை மறந்திருந்தேன்.

‘அம்மா ரிப்போர்ட் நல்லா இல்ல. அம்மாகிட்ட சொல்லாத.’

தோளுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம். மோர் கொண்டுவந்த அம்மா நின்றிருந்தாள்.

“இத யாரு எழுதறது?”

“தெரியலம்மா.”

“உனக்கு எப்பத்திலேர்ந்து தெரியும்?”

“திங்கக்கெழமையிலேர்ந்து.”

தம்ளரை வைத்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “எடு ரிப்போர்ட்ட. படி.”

படித்தேன். குரல் நடுங்கியது எனக்குத்தான்.

மறுநாள் அந்த நிரலை வரிவரியாகப் பார்த்தேன். சுற்றிலும் ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று ஒவ்வொரு நொடியும் தேடும். கிடைக்காதவரை புள்ளி தூவும். அத்தனை மாதமும் உள்ளிருந்து கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. எழுதியவருக்கு அனுப்பிய மின்னஞ்சல் அப்படியே திரும்பி வந்தது.

அடைப்பை மீண்டும் போட்டேன். புள்ளிக்கொரு செய்தி என்பதை மாற்றி, படம் முழுவதும் ஒரே செய்தியாகப் போகும்படி செய்தேன். “இப்ப பரவால்லீங்க. ஆனா இன்னும் மெதுவாத்தாங்க இருக்குது” என்றார் ஆசிரியை. இதற்குமேல் முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வியாழக்கிழமை அம்மாவைத் தர்மபுரியில் டாக்டரிடம் அழைத்துப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கும்போது சொன்னாள்: “டாக்டர் பேசறப்ப நீ குறுக்க பேசாத. நானே கேட்டுக்கறேன்.”