துருத் தண்ணீர்

ஸ்டேஷனுக்கு நடந்தே போகலாம் என்று விளம்பரம் செய்து விற்ற அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில், கார்களுக்கு நடுவே, சுவரில் கசிந்து தரையில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தேன். குப்பென்று துரு வாசனை அடித்தது. எங்கள் அடிபம்பின் வாசனை.

இதே இடத்தில்தான் எங்கள் தெரு இருந்தது. தண்டவாளத்தை ஒட்டிய குடிசைகள், எல்லாருக்கும் ஒரே பம்பு, அதைச் சுற்றி விடிந்ததிலிருந்து குடங்களும் அம்மாக்களும். ரயில் வந்தால் அடிக்கிற கை நிற்காது, பேச்சு மட்டும் பாதி வார்த்தையில் நிற்கும், கடைசிப் பெட்டி போனதும் அம்மா விட்ட இடத்திலிருந்தே தொடர்வாள், அந்த மீதி வார்த்தைக்காகவே நான் அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன்.

காலி செய்யச் சொல்லி, திசைக்கொருவராக வீடு கொடுத்தார்கள். அங்கே போனபிறகு அம்மா பேச்சைக் குறைத்தாள், பிறகு நிறுத்தியேவிட்டாள். இங்கே துடைக்க வர எனக்கு இரண்டு பஸ். என் மகளை அவள் தூங்கும்போதுதான் பார்க்கிறேன்.

"இன்னாமா நின்னுக்கினு இருக்க? தண்ணி வந்துக்கினே இருக்குது பாரு," என்றார் சூப்பர்வைசர்.

வெளியே ரயில் வந்தது. தூண்கள் அதிர்ந்தன. கையை நிறுத்தாமல் தள்ளினேன். கடைசிப் பெட்டியும் போய்விட்டது.

யாராவது பேசுங்களேன்.