மீன் கூவிய திராட்சை வண்டி

இனிமேல் கத்தவே கூடாது என்று தேனியில் டாக்டர் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்துவதுதான் என் பிழைப்பு.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து ஓடியவன் நான். போர்வெல் லாரியில் வடக்கே, அப்புறம் திருப்பூர் பனியன் கம்பெனி, மலை மேல் ஏலக்காய்த் தோட்டம் என்று எங்கேயும் கால் தரிக்காமல் திரிந்து, கடைசியில் ஒரு மொபெட்டில் பன்னீர் திராட்சையைக் கட்டிக்கொண்டு கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராக விற்கத் தொடங்கியிருந்தேன். சுற்றுவதற்கே கூலி கிடைக்கிற வேலை. அப்போதுதான் தொண்டைக்குள் ஒரு கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். பேசலாம், கூவினால் குரல் மொத்தமாகப் போய்விடும் என்றார்கள். கூவாத பழ வண்டியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? திராட்சையும் எனக்காகக் காத்திருக்காது. காம்பு கழன்று ஒழுக ஆரம்பித்துவிடும்.

அதனால் பழனிசெட்டிபட்டியில் ஒரு கடையில் கூவுகிற மைக் வாங்கினேன். ஒரு தடவை அதில் பேசிப் பதிந்துவிட்டால் போதும், அதுவே நாள் முழுக்கத் திரும்பத் திரும்பக் கூவும். கடைக்காரர் பட்டனை அமுக்கிச் சைரன் அடித்துக் காட்டினார். ரோட்டில் போன பஸ் ஒதுங்கி நின்றது. எனக்குப் பரம திருப்தி. பேசிப் பதிந்து பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அட்டைப்பெட்டி, பில் எல்லாம் புதுசுக்கு உண்டானபடி கொடுத்தார்.

மறுநாள் காலை கோம்பையில் முதல் தெரு. பதிகிற பட்டனை அமுக்கி, தொண்டைக்கு வலிக்காமல் "பன்னீர் திராட்சை" என்று பேசினேன். பிறகு ஓட விட்டேன். உள்ளேயிருந்து வேறு எவனோ கூவினான்.

"மீனே... மீனே... கெண்டை, கட்லா, ஜிலேபி! வாங்க ஆத்தா! நேத்து வாங்குனவுக எல்லாம் ருசின்னா ருசின்னு சொன்னாக! ஏலே, அங்கன ஏன் வாய வைக்கிற, இங்கன வா!"

அதன் பின்னால் அவன் அதட்டிய நாய் குரைத்தது. அதுவும் மைக்குக்குள்ளேதான். கோம்பை நாய்கள் ரோஷமானவை. தெருவில் கிடந்த அத்தனையும் எழுந்து பதிலுக்குக் குரைத்தன. பதிகிற பட்டன் செத்துக் கிடந்தது. எத்தனை முறை அமுக்கினாலும் மீன்தான்.

வேறு வழியில்லாமல் அதையே போட்டுக்கொண்டு சுற்றினேன். சத்தம் கேட்டால் ஆளாவது வெளியே வரும் அல்லவா? வந்தார்கள், மீன் வாங்கச் சட்டியோடு. வெள்ளிக்கிழமை மாதா கோயில் தெருவில் மட்டும் ஒரு கூட்டமே கூடிவிட்டது. அன்றைக்கு அவர்கள் வீடுகளில் கறி கிடையாது, மீன்தான்.

"எங்கப்பா மீனு?"

"திராட்சதான் இருக்கு ஆத்தா."

"இத வச்சு நான் கொழம்பா வைக்க?"

கூட்டத்தில் இருந்த ஒரு டீச்சர் மட்டும் சட்டி நிறையப் பழம் வாங்கிக்கொண்டு, என்ன சங்கதி என்று விசாரித்தார். மைக்கைக் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தீர்களா என்றார். முன்னமே கொண்டுபோயிருந்தேன். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைக் கடைக்காரர் விரலால் காட்டினார்.

"நுகர்வோர் கோர்ட்டுல போடுங்கண்ணே. வக்கீலு வேணாம், நீங்களே எழுதிக் குடுக்கலாம்" என்றார் டீச்சர்.

நானே எழுதினேன். கடைக்காரரைக் குறிக்க வேண்டிய இடத்திலெல்லாம் 'துரோகி' என்று எழுதியிருந்தேன். டீச்சர் அதை அடித்துவிட்டு 'எதிர்தரப்பினர்' என்று போட்டுக் கொடுத்தார். எனக்கு அரை மனதுதான்.

விசாரணை நாளில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாட்சி அது ஒன்றுதான். கடைக்காரர் வெள்ளைச் சட்டையில் வந்து, கோர்ட்டின் தலைவரான அம்மா முன்னால் விறைப்பாக நின்று, புத்தகத் தமிழில் பேசினார்.

"பொருள் புதியதுதான் அம்மா. அதில் இருப்பது கம்பெனியின் மாதிரிக் குரல். டெல்லியிலிருந்தே பதிந்து அனுப்புகிறார்கள்."

தலைவர் அம்மா என்னைப் பார்த்தார். "போட்டுக் காட்டுங்க."

போட்டேன். அறை முழுக்க மீன் வாடை அடிப்பது போலிருந்தது. 'சொன்னாக' வந்தது, 'ஏலே' வந்தது, கடைசியில் நாய் குரைத்தது. தலைவர் அம்மா காகிதத்தால் வாயை மூடிக்கொண்டார்.

"நாயும் டெல்லி நாய்தானா?"

எனக்குக் குரல் எழும்பவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன்: "அம்மா, டெல்லிக்காரன் 'சொன்னாக'ம்பானா? மெட்ராஸ்காரனே அப்பிடிச் சொல்ல மாட்டான். இது நம்ம தெக்கத்தி ஆளு. எவனோ மீன் யாவாரி வாங்கி, பட்டன் கெட்டுப்போயி திருப்பிக் குடுத்திருக்கான். அதத் தொடச்சுப் புதுசுன்னு என் தலையில கட்டிட்டாக."

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "இல்லம்மா! நான் போன் போட்டுக் கேட்டேன். எல்லா ஊர்ப் பேச்சுலயும் பதிஞ்சுதான் அனுப்புறோம்னு அவுகதான் சொன்னாக!"

மைக்கில் வந்த அதே 'சொன்னாக' தன் வாயிலிருந்தும் வந்தது, சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. நான் பட்டனை அமுக்கவே இல்லை, ஆனாலும் அமுக்கிவிட்டேன் என்றுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேர் கூப்பிட வாசலில் நின்ற டவாலி சிரித்து, சிரித்ததற்காகத் தானே தன் வாயில் அடித்துக்கொண்டார். கடைக்காரரும் உதட்டைக் கடித்தும் அடக்க முடியாமல் சிரித்தார்.

போர்டில் எழுதி வைத்தால் சட்டம் ஆகிவிடாது என்று தலைவர் அம்மா அவரிடம் சொன்னார். வழக்கை இழுக்காமல் பேசி முடித்துக்கொள்ள இரண்டு பேரும் சம்மதித்தோம். புது மைக், என் முன்னாலேயே பிரித்து, பேசிப் பதிந்து காட்டித் தர வேண்டும்.

அவர் கடை வாசலில் அட்டைப்பெட்டியின் முத்திரையை நானே கிழித்தேன். பட்டனை அமுக்கி, "பன்னீர் திராட்சை..." என்றேன். ஓட விட்டால் எலி கீச்சிடுவதுபோல் வந்தது. மறுபடி பேசினேன். மறுபடியும் எலி. மீனாவது ஆளைக் கூட்டியது, என் குரல் ஒரு பூனையைக்கூடக் கூட்டாது. வழக்கில் ஜெயித்தும் ஊமையாகத்தான் திரும்பப் போகிறேன் என்று நினைத்தபடியே மூன்றாம் முறை பட்டனை அமுக்கினேன்.

கடைக்காரரால் அதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. வியாபாரி அல்லவா?

"இப்பிடிக் கூவுனா எவன்யா வாங்குவான்? இங்கன குடு" என்று மைக்கைப் பிடுங்கினார். நெஞ்சை நிமிர்த்தினார். "பன்னீரு... தெராச்சே! தேனு மாதிரித் தெராச்சே! வாங்க ஆத்தா, வாங்க! நேத்துத் தின்னவுக இன்னைக்குந் தேடி வந்துட்டாக!" என்று தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி முழங்கிவிட்டு, "இப்பிடிக் கூவணும், தெரியுதா?" என்று திருப்பிக் கொடுத்தார்.

அவர் விரல் பதிகிற பட்டன் மேலேயே இருந்திருக்கிறது.

ஓட விட்டேன். 'தெரியுதா?' வரைக்கும் சுத்தமாகப் பதிந்திருந்தது.

"ஏய், அழி அழி!" என்று அவர் எட்டிப் பிடுங்குவதற்குள் நான் மொபெட்டை உதைத்துவிட்டேன். உத்தமபாளையம், கோம்பை, கம்பம் என்று எதிர்தரப்பினர்தான் எனக்காகக் கூவிக்கொண்டு வருகிறார். "தெரியுதா?" என்று அவர் மிரட்டி முடிக்கிற இடத்தில் பெண்கள் சிரித்துக்கொண்டே வாசலுக்கு வருகிறார்கள். இப்போது பழம் ஒழுகுவதில்லை.